எண்பது சென்ட் நிலமும் ஐப்பசி மழையும்

போன புரட்டாசியில் திருவள்ளூரில் ஒரு கூட்டம். பேச வந்தவர்களில் ஒருவர் மூத்த தோழர். படித்தவர், போராட்டங்களில் சிறைக்குப் போனவர், அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இது: ‘தலித்துக்கு நிலம் எதற்கு? நிலம் நம்மைச் சேரியோடு கட்டிப்போடுகிற கயிறு. அரை ஏக்கரையும் கால் ஏக்கரையும் வைத்துக்கொண்டு மண்ணோடு மாரடித்தது போதும். வித்துட்டு வெளியே வாங்க. பிள்ளைகளைப் படிக்க வையுங்க. கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னவர் அம்பேத்கர்.’ கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தட்டும்போதுதான் கவனித்தேன், உள்ளங்கையில் கொப்புளம். காலையில் வரப்பு வெட்டிய கொப்புளம். நகக்கண்ணில் சேறு அப்படியே இருந்தது.

அப்போதே எழுந்து பதில் சொல்லியிருக்கலாம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வைக்கோல் போருக்குத் தார்ப்பாய் போடவில்லை. மின்சார ரயிலைப் பிடித்துச் செவ்வாப்பேட்டை ரோட்டில் இறங்கி ஓடவேண்டியிருந்தது. ஆகவே அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். தோழரை எதிரியாக்க எழுதவில்லை. எதிரி வேறு இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறான். தோழர் பேசியதைக் கேட்டு அவன் சந்தோஷப்பட்டிருப்பான் என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் நிலத்துக்கு வடக்கே ஐந்து ஏக்கருக்குக் கம்பிவேலி போட்டு ஒரு பண்ணை இருக்கிறது. சென்னைக்காரர். சனி, ஞாயிறில் காரில் வருவார். இயற்கை விவசாயம் செய்கிறார். ‘மண்ணின் மணம்’, ‘உழவனின் உன்னதம்’, ‘நம் பாட்டன் பூட்டன் தொழில்’ என்றெல்லாம் பேசுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். யாருடைய பாட்டன், யாருடைய பூட்டன் என்று மட்டும் கேட்கக்கூடாது. அவர் பேச்சில் வருகிற உழவனுக்குச் சாதி கிடையாது, கூலி கிடையாது, பொண்டாட்டி கிடையாது. மழை வந்தால் அவன் நனைவதுகூடக் கிடையாது. மண்வாசனை இலக்கியக்காரர்கள் ஐப்பசி மழையைப் பற்றி எழுதுவதும் இப்படித்தான். திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்தவன் எழுத்து அது. ஒழுகுகிற கூரைக்குக் கீழே சட்டி வைத்தவன் எழுத்து வேறு மாதிரி இருக்கும்.

‘வித்துட்டு வா’ என்கிற தோழரும் ‘மண்ணே தெய்வம்’ என்கிற பண்ணைக்காரரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. நிலத்தில் நடக்கிற வேலையை இருவருமே பார்த்ததில்லை. ஒருவர் அதைக் கயிறு என்கிறார், மற்றவர் பூமாலை என்கிறார். அது வேலை. அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

வெள்ளைக்காரன் பாடப்புத்தகத்தில் இலையுதிர்காலம் என்று ஒன்று உண்டு. அந்தச் சீமையில் குடியானவன் பனிக்காலத்துக்கு முன்னால் விறகு அடுக்குவான், வைக்கோல் சேர்ப்பான், மாட்டுக் கொட்டகையை அடைப்பான். நமக்குப் பனியும் இல்லை, இலையுதிர்காலமும் இல்லை. புரட்டாசி உண்டு. வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்னால் கையில் கிடைக்கிற முப்பது நாள் அது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசமும் அடைமழை. அந்த இரண்டு மாசத்தை உயிரோடு தாண்டுவதற்கான வேலை முழுக்கப் புரட்டாசியில் முடியவேண்டும். முடிக்காதவன் கார்த்திகையில் ஊருக்குள் போய்க் கையேந்தவேண்டும். இதுதான் எங்கள் பருவகாலம்.

எங்களுக்கு இருப்பது எண்பது சென்ட். ஆவணிக் கடைசியில் புழுதியில் விதைப்போம். செங்கல்பட்டுச் சீமையில் இது பழைய முறை. காய்ந்த மண்ணில் விதைத்து, கிடைக்கிற தூற்றலில் முளைக்கவிட்டு, அடைமழை வந்தபிறகு தண்ணி கட்டி நன்செய் ஆக்கிக்கொள்வது. ஏரியில் தண்ணி வரும்வரை காத்திருக்க முடியாத கடைமடைக்காரனுக்கு ஏற்ற முறை. எங்கள் அம்மா பல வருஷம் விதைத்தது டி.கே.எம். 9. சிவப்பரிசி. செவ்வாப்பேட்டைக்குப் பக்கத்தில் திரூரில் 1942இல் ஏற்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1978இல் வந்த ரகம். அதே திரூரில் அதற்கு முன்னால் வந்த டி.கே.எம். 6, பிலிப்பைன்ஸ் வரை போய் ஐ.ஆர். 20 என்கிற ரகத்துக்குப் பெற்றோரில் ஒன்றாக ஆனது. உலகத்துக்கு நெல் கொடுத்த மண் இது என்று பெருமையாகச் சொல்லலாம். அந்த நெல்லுக்குக் களை எடுத்த கை எது என்றும் கூடவே சொல்லவேண்டும்.

புரட்டாசி பிறந்ததும் முதல் வேலை வரப்பு. நண்டு வளையும் எலி வளையும் தேடித்தேடி அடைக்கணும். ஒரு நண்டு வளை போதும், ஒரு ராத்திரியில் வரப்பு பிச்சுக்கும். பக்கத்தில் மண் எடுத்து அணைத்து, காலால் மிதித்து, மம்பட்டியின் பின்பக்கத்தால் தட்டி வழவழப்பாக்கணும். கடைக்கோடியில் கழிமடை விடணும். தண்ணி உள்ளே வர வழி செய்பவன் பாதி விவசாயி, வெளியே போக வழி செய்பவன்தான் முழு விவசாயி என்று எங்கள் தாத்தா சொல்லுவார். அதற்குள் முதல் களை முடிஞ்சிருக்கணும். மழை பிடித்தபிறகு களையில் கை வைக்கமுடியாது.

வயல் வேலை இப்படியென்றால் வீட்டு வேலை இன்னொரு பக்கம். வேலிக்காத்தான் வெட்டிக் காயவைத்துக் கட்டுக்கட்டாகப் பரணில் ஏற்றணும். சாணியைத் தட்டி வறட்டி போட்டு, வெயில் இருக்கும்போதே காயவைத்து, நனையாத மூலையில் அடுக்கணும். ரெண்டு மாசத்துக்கு அடுப்பு எரியணும். கேஸ் வந்துவிட்டதே என்பீர்கள். சிலிண்டர் வந்தது, நிரப்பத் துட்டு வரவில்லை. வைக்கோல் போருக்கு அடியில் கல்லும் முள்ளும் போட்டு மேடாக்கணும். இல்லாவிட்டால் அடியிலிருந்து மக்கிக்கொண்டே வரும். மாட்டுக் கொட்டகைத் தரைக்கு ஏரி மண் கொட்டி உசத்தணும். ஈரத்தில் நின்றால் மாட்டுக்குக் குளம்பு அழுகும். கோமாரி ஊசி போட மாட்டை ஓட்டிப் போகணும். கூரைக்குப் பழைய கீற்றைக் கழித்துப் புதுக் கீற்று செருகணும். பனங்கொட்டையைப் பாத்தி கட்டிப் புதைக்கணும், தை மாசத்தில் கிழங்காகும். விதைநெல்லை நொச்சி இலை போட்டுக் குதிரில் வாய்கட்டணும். புளி, மிளகாய், கருவாடு, கேழ்வரகு எல்லாம் பானையில் ஏறணும்.

‘இன்னாடா நைனா, கூட்டம் கூட்டம்னு போய்க்கினு கீற. வறட்டியெல்லாம் வெளிய கெடக்குது. மழ இன்னா உன் கட்சியா, சொன்னா நிக்கறதுக்கு?’ என்று அம்மா கேட்பாள். பதில் இருக்காது.

இந்தப் பட்டியலைத் திரும்பவும் படித்துப் பாருங்கள். வரப்பையும் கூரையையும் தவிர மீதி எல்லாம் பெண் வேலை. அதைப் பிறகு பேசுகிறேன்.

ஊரும் அடைமழைக்குத் தயாராகும். ஆனால் ஊர் தயாராவது என்பது சேரியைத் தயாராக்குவது. ஏரிகளால் வாழ்ந்த மாவட்டம் இது. மழைக்கு முன்னால் வரத்துக்கால் தூர் வாரணும், கரையில் உள்ள ஓட்டைகளை அடைக்கணும், கலங்கலைச் சரிபார்க்கணும். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். பெயரில் குடி என்று இருப்பதால் எல்லோரும் சேர்ந்து செய்தார்கள் என்று இப்போது புத்தகம் போடுகிறார்கள். எங்கள் தாத்தா நீர்க்கட்டி. அடைமழை ராத்திரியில் சாக்குப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கையில் அரிக்கேன் விளக்கோடு ஏரிக்கரையில் படுத்திருப்பார். கரையில் கசிவு தெரிந்தால் பறை அடித்துச் சொல்லவேண்டும். மடை அடைத்துக்கொண்டால் தண்ணிக்குள் முழுகி எடுக்கவேண்டும். முழுகினவர்கள் எல்லோரும் மேலே வந்துவிடவில்லை. மடையைப் பார்த்தவன்தான் மடையன், அது வசவாகிவிட்டது என்று சொல்வார்கள். சொல் ஆராய்ச்சி எனக்குத் தெரியாது. வசவு தெரியும்.

ஏரியைக் காத்தவர் அவர். எந்த வயலுக்கு எப்போது தண்ணி என்று சொன்னவர்கள் ஊரார். அவர் கையால் திறந்த மடையிலிருந்து தண்ணி ஊர் வயலையெல்லாம் சுற்றி முடித்துக் கடைசியாக எங்கள் வயலுக்கு வரும். வராமலும் போகும். வெள்ளம் என்றால் மட்டும் வரிசை மாறும். முதலில் எங்கள் வயல்தான் முழுகும். வறட்சிக்குக் கடைசி, வெள்ளத்துக்கு முதல். கடைமடை என்கிற வார்த்தைக்குப் பொறியியல் அகராதியில் ஓர் அர்த்தம் இருக்கலாம். எங்கள் அகராதியில் அது சாதி.

இந்தக் கடைமடை நிலமாவது எப்படி வந்தது? சும்மா வரவில்லை. செங்கல்பட்டுச் சீமையில் நிலம் மிராசுதார்கள் கையில் இருந்தது. தரிசு கேட்டு மனுப் போட்டாலும் மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை. பள்ளரும் பறையரும் பண்ணையாளாகவும் படியாளாகவும் அந்த நிலத்தோடு கட்டப்பட்டிருந்தார்கள். இதையெல்லாம் அப்போது செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹியர் 1891இல் அறிக்கையாக எழுதினார். பறையர்களுக்குச் சொந்த நிலமும் சொந்த மனையும் இல்லாதவரை அவர்கள் நிலைமை மாறாது என்பதுதான் அதன் சாரம். அதன்மேல் சென்னை அரசாங்கம் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010 எண் அரசாணையைப் போட்டது. தேதியைக் கவனியுங்கள், அதுவும் புரட்டாசி. ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு என்று தரிசு ஒதுக்கப்பட்டது. நிபந்தனையும் போட்டார்கள்: முதல் 10 வருஷம் விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது, நிலத்தை அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டது என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. இவ்வளவு இறுக்கமான நிபந்தனை இருந்தும் அந்த நிலம் எப்படிப் போனது?

மேடையில் இதற்குப் பதில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்: ‘ஏமாற்றிப் பிடுங்கினார்கள்’, ‘சாராயத்துக்கு எழுதிக் கொடுத்தான்’. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது பிடுங்கியவன் கட்டிவிட்ட கதை. அதை நம் ஆட்களே திரும்பச் சொல்வதைக் கேட்கும்போது வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் மூன்று காகிதம் இருக்கிறது. முதலில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் இருந்தது. மூன்று காகிதத்தில் ஒரு ஏக்கர் அறுபது சென்ட் போயிற்று. மூன்றிலும் தாத்தாவின் பெருவிரல் ரேகை. எழுதி வாங்கியவர்கள் பெயரை நான் இங்கே போடப்போவதில்லை. பெயரில் ஒன்றும் இல்லை. காகிதத்தில் நான் பார்த்தது மாசம். ஒன்று ஐப்பசி. இரண்டு கார்த்திகை. மூன்றுமே அடைமழையில் எழுதப்பட்டவை.

ஆயாவிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: ‘கார்த்திக மாசம் வேல ஏது? ஊர்ல ஒரு வூட்லயும் கூலி கெடையாது. பானைல தானியம் தீந்துடும். புள்ளைங்கோ அழும். பெரிய வூட்டுக்குப் போய் நெல்லு கேட்டா, ‘தரேன், ஒரு கைநாட்டு வச்சுட்டுப் போ, தையில குடுத்துட்டு வாங்கிக்கோ’ம்பாங்கோ. மூணு மூட்ட நெல்லு. தையில ஆறு மூட்ட குடுக்கணும். எங்க இருந்து குடுக்கறது? அடுத்த மழைக்கு இன்னொரு கைநாட்டு. உங்க தாத்தா குடிக்கல நைனா. எங்களுக்குச் சோறு போட்டாரு. அவ்ளோதான்.’

பஞ்சமி நிலம் பறிபோனதற்கு நான் எழுதுகிற காரணம் இதுதான். நிலம் கொடுத்த அரசாங்கம், அடைமழையைத் தாண்டுவதற்கான தானியத்தைக் கொடுக்கவில்லை. ஏர் கொடுக்கவில்லை, மாடு கொடுக்கவில்லை, கடன் கொடுக்கவில்லை. மழைக்கு முன்னால் பானை நிறைந்தவன் கையில் நிலம் நின்றது, நிறையாதவன் கையிலிருந்து நழுவியது. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய காகிதம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். யார் எழுதி வாங்கினான் என்று பார்ப்பதற்கு முன்னால் எந்த மாசம் என்று பாருங்கள்.

இனி அம்பேத்கருக்கு வருவோம். அவர் பெயரைச் சொல்லித்தானே விற்கச் சொல்கிறார்கள். 1918இல் அம்பேத்கர் ஒரு கட்டுரை எழுதினார், இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி. அதில் அவர் சொன்ன முக்கியமான விஷயம் இது: ஒரு நிலம் சிறியதா பெரியதா என்பதை ஏக்கரை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. அந்த நிலத்தில் போடுவதற்கு எவ்வளவு முதல் இருக்கிறது, எவ்வளவு கருவி இருக்கிறது, எத்தனை ஆள் அதை நம்பி இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் சொல்லவேண்டும். ஏர், மாடு இல்லாதவனுக்கு இருக்கிற துண்டும் அதிகம்தான். நிலத்தை நம்பிச் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆட்களைத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொள்ளவேண்டும், அதுவே மருந்து என்றார். 1947இல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்கிற அறிக்கையில் இன்னும் மேலே போனார். நிலம் முழுவதும் அரசுடைமையாகி, சாதி பார்க்காமல் குடிகளுக்குக் கூட்டுப்பண்ணையாகக் கொடுக்கப்படவேண்டும், முதலையும் அரசே போடவேண்டும் என்றார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றி அவர் காறி உமிழ்ந்தது உண்மைதான். அவர் உமிழ்ந்தது கிராமத்தின் சாதியாட்சி மேல். தலித் கையில் இருக்கிற எண்பது சென்ட் மேல் அல்ல. தலித்தை மட்டும் நிலத்தை விற்கச் சொல்லி, மிராசுதாரை நிலத்தோடு விட்டுவிடச் சொல்லும் ஒரு வரி அவர் எழுத்தில் எங்கே இருக்கிறது? தோழர் காட்டட்டும்.

சரி, தொழிற்சாலை. இந்தப் பக்கம் அதற்குக் குறைச்சல் இல்லை. காக்களூர் இருக்கிறது, கும்மிடிப்பூண்டி சிப்காட் இருக்கிறது. தேர்வாய்க் கண்டிகை இருக்கிறது. தலித்துகள் பெரும்பான்மையாக உள்ள ஊர் அது. ஊரார் ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்ச்சல் காடு சிப்காட்டுக்குப் போனது. எதிர்த்துப் போராடினார்கள். 2009இல் பிரெஞ்சு டயர் கம்பெனி மிஷ்லின் அங்கே ஆலை கட்ட அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஊர்க்காரர்களுக்கு ஆதரவான அமைப்புகள் 2012இல் பிரான்ஸ் வரைக்கும் புகார் கொண்டுபோயின. மேய்ச்சல் காட்டுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் நஷ்டஈட்டுக் கணக்கிலும் அது வராது. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் புரட்டாசி விறகு, அடைமழைத் தீவனம், கைச்செலவுக்கு ஒரு ஆடு.

என் தம்பி கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். கம்பெனி வேலை என்று சொல்லக்கூடாது, காண்ட்ராக்டர் வேலை. பத்து வருஷமாக அதே கேட், அதே மெஷின், காண்ட்ராக்டர் மட்டும் மூன்று பேர் மாறியாயிற்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவனுக்குக் கேட்டை மூடினார்கள். சம்பளமும் நின்றது. பொண்டாட்டி பிள்ளையோடு எங்கே வந்தான்? இந்த எண்பது சென்டுக்குத்தான் வந்தான். குதிரில் இருந்த சிவப்பரிசியைத்தான் எல்லோரும் சாப்பிட்டோம். தோழர் கயிறு என்று சொன்னாரே, அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் அவன் கிணற்றிலிருந்து மேலே வந்தான்.

இந்தத் தொழிற்பேட்டைகளுக்குத் தண்ணி லாரி ஓட்டுவது யார்? ஆள் சப்ளை காண்ட்ராக்ட் யாருக்கு? கேன்டீன், பழைய இரும்பு, வாடகை வீடு, வேன் எல்லாம் யார் கையில்? நான் பார்த்தவரையில் நிலம் வைத்திருந்த சாதிகளின் கையில். நிலத்தை அடமானம் வைத்து லாரி வாங்கினார்கள், கிணற்றைக் காட்டித் தண்ணி விற்றார்கள், ரோட்டோரத்து நிலத்தில் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். ஆலை வந்ததும் நிலத்தை விற்றுவிட்டு விடுதலை அடையுங்கள் என்று அவர்களுக்கு எந்தத் தோழரும் மேடை போட்டுச் சொல்லவில்லை. நிலத்தை விட்டவனுக்குக் கேட் பாஸ் கிடைத்தது, வைத்திருந்தவனுக்குக் காண்ட்ராக்ட் கிடைத்தது. அம்பேத்கர் கேட்ட தொழில்மயம் இதுவல்ல.

தோழர் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. எண்பது சென்டில் வருஷம் முழுக்கச் சாப்பிட முடியாது. என் மகளுக்குச் சாணி தட்ட விருப்பமில்லை. தட்டவேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். அவள் படிக்கட்டும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும். போகிறவளுக்குப் பின்னால் ஒரு நிலம் இருக்கவேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். படிக்கப் போன மேல்சாதிப் பிள்ளை எதுவும் தகப்பன் நிலத்தை விற்றுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சட்டமில்லை. நமக்கு மட்டும் ஏன் இரண்டில் ஒன்று?

கணக்கும் பார்க்கலாம். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடி நிலத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர். பட்டியல் சாதியாரின் சராசரி அதற்கும் கீழே. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் நாம் 20 விழுக்காடு. சாகுபடி நிலத்தில் நம் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கிற இந்தக் கொஞ்சத்தையும் விற்கச் சொல்வதற்குப் புரட்சிகரமான பெயர் வைத்தால் அது புரட்சி ஆகிவிடாது.

நம் இயக்கங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1994இல் செங்கல்பட்டுப் பக்கம் கரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போனார்கள். அந்தப் போராட்டத்தில் அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் உயிர்விட்டார்கள். அதுவும் ஒரு புரட்டாசிக் கடைசி. வருஷா வருஷம் அந்த நாளில் மாலை போடுகிறோம், முழக்கம் போடுகிறோம். போடத்தான் வேண்டும். ஆனால் மீட்ட நிலத்தில் முதல் வருஷம் விதை யார் கொடுப்பது, அடைமழையில் அந்தக் குடும்பங்கள் எதைச் சாப்பிடும், ஏர்க் கூலிக்கு யாரிடம் போவது என்று எந்தக் கூட்டத்திலாவது ஒரு மணி நேரம் பேசினோமா? நிலத்தைப் பற்றி நாம் நன்றாகப் பேசுவோம். வரப்பைப் பற்றிப் பேசமாட்டோம்.

பெண்களைப் பற்றிப் பிறகு பேசுகிறேன் என்றேன். எங்கள் நிலத்தின் பட்டா செத்துப்போன என் நைனா பேரில் இருக்கிறது. மாற்றினால் என் பேருக்கும் தம்பி பேருக்கும் மாற்றுவார்கள். நாற்பது வருஷமாக அந்த மண்ணில் களை எடுத்து, வறட்டி தட்டி, குதிர் கட்டி, எங்களை அடைமழை தாண்டவைத்த அம்மா பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை. மிராசுதார் நம்மைச் செய்தான், நாம் நம் பெண்களைச் செய்கிறோம். பட்டாவில் அம்மா பேரைச் சேர்க்க மனு எழுதினேன். சித்தப்பா கேட்டார்: ‘பொம்பள பேர்ல நெலம் இன்னாத்துக்குடா?’ ‘தலித்துக்கு நிலம் எதற்கு’ என்று தோழர் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது சித்தப்பாவின் குரல்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் வயலின் வடிகாலை மறித்து மனைக்கல் நட்டிருந்தார்கள். நான்கு நாள் தண்ணி நின்றது. கதிர் வெளுத்துப் போனது. நிவாரணத்துக்கு அடங்கல் கேட்டார்கள். பட்டாவில் பேர் உள்ளவர் செத்துவிட்டார், வாரிசுச் சான்று கொண்டா என்றார்கள். பக்கத்து வயலை வாரத்துக்குப் பயிர் செய்கிற எங்கள் சேரிக்காரருக்கு அதுகூடக் கிடையாது. 1969இல் குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. நாளைக்கும் அந்த நிலத்தில் கால் வைக்கவேண்டியவன் எப்படிப் போய்ப் பதிவான்? நெல் அவருடையது, நஷ்டம் அவருடையது, நிவாரணம் பட்டாக்காரருடையது.

ஆகவே நான் கேட்பது விற்காதே என்கிற உபதேசம் அல்ல. வேலைத்திட்டம் கேட்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் எது பஞ்சமி நிலம் என்று சர்வே எண் போட்டு ஊராட்சிச் சுவரில் எழுதட்டும். பட்டா பெண் பேரிலும் இருக்கட்டும். வாரத்துக்குப் பயிர் செய்கிறவனுக்கும் நிவாரணம் வரட்டும். வடிகாலில் நட்ட கல்லைப் பிடுங்கட்டும். இதெல்லாம் அரசாங்கத்திடம். நம்மிடம் நாமே கேட்கவேண்டியது ஒன்றுதான்: சேரிக்கு ஒரு பொதுக் குதிர். தையில் ஆளுக்கு ஒரு மரக்கால் போட்டு வைத்தால், கார்த்திகையில் யாரும் கைநாட்டு வைக்கப் போகவேண்டாம். தாத்தா காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் எங்கள் பெட்டியில் அந்த மூன்று காகிதம் இருந்திருக்காது.

போன ஐப்பசியில் நல்ல மழையில் ஒரு புரோக்கர் வந்தார். இப்போதும் அடைமழையில்தான் வருகிறார்கள், பாருங்கள். ‘கண்டிஷன் நிலம்னு பயப்படாதீங்கம்மா, பவர் பத்திரம் போட்டுக்கலாம், சென்டுக்கு இவ்ளோ’ என்றார். அம்மா வைக்கோல் போர்மேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: ‘பானைல தானியம் கீது நைனா. தீர்ந்தப்பறம் வா. அதுக்குள்ள இந்தப் பக்கம் கொஞ்சம் பிடி, காத்துல பறக்குது.’ அவரும் பிடித்தார். நனைந்துகொண்டே போனார்.

தோழர், அடுத்த புரட்டாசிக்குச் செவ்வாப்பேட்டைக்கு வாங்க. ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் நான் வந்து கூட்டிப்போகிறேன். நம் விவாதத்தை வரப்பில் நின்று பேசலாம். வீட்டில் மம்பட்டி ரெண்டு இருக்கிறது.